தேர்தல் பத்திரப் பட்டியல்: கடைமடையிலிருந்து ஒரு மதிப்புரை

இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 மார்ச் 14 அன்று தன் இணையதளத்தில் ஏற்றிய தேர்தல் பத்திரப் பட்டியலை (வங்கியில் வாங்கி, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடையாகத் தரப்பட்ட பத்திரங்களின் பட்டியலை), ஓர் உரக்கடையையோ மருந்து தெளிப்பானையோ மதிப்பிடுவதைப் போலவே, பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பொதுமக்கள் அறிய வேண்டும் என்பதற்காக நீதிமன்றமே உத்தரவிட்டு வெளிவந்த ஒன்று, அந்தப் பொதுமக்களில் ஒருவனுக்கு எவ்வளவு தூரம் உதவியது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.

நான் அதை நாடிப் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், எனக்குப் பதினொரு மா நிலம் (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்) உண்டு. ஒரு தாளடிப் பட்டத்தில் (குறுவைக்குப் பின் வரும் இரண்டாம் நெற்போகத்தில்), நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நேரத்தில், மேலே இருக்கும் ஓர் ஆலையின் கழிவுநீர் வாய்க்காலில் கலந்து, தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறி, புளித்த நெடியோடு வயலில் ஏறியது. புகார் கொடுத்தேன், ஆய்வுக்கு வந்தார்கள், பாட்டிலில் மாதிரி எடுத்துப் போனார்கள். ஆலை மூடப்படவும் இல்லை, வழக்குத் தொடரப்படவும் இல்லை. பல மாதங்கள் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டதற்கு வந்த பதிலில், நாளொன்றுக்கு 12,500 ரூபாய் வீதம் 26 நாட்களுக்கு 3,25,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கப்பட்டதாகவும், ஆலை அதைச் செலுத்திவிட்டபடியால் நடவடிக்கை முடித்துக்கொள்ளப்பட்டதாகவும் இருந்தது. தண்ணீர் ஐப்பசியிலிருந்து தை வரை கெட்டு ஓடியது. ஆய்வுக்கு வந்த நாளிலிருந்து சரிபார்க்க வந்த நாள் வரைதான் கணக்கு. பக்கத்து வயல்காரர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஆலைக்காரன் கட்சிக்குக் கொடுத்திருப்பான் அண்ணே, வேறென்ன" என்றார். கொடுத்தானா என்று பார்த்துவிடலாம் என்றுதான் மன்னார்குடிப் பந்தலடிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன்.

கைக்குக் கிடைத்தவை இரண்டு பிடிஎஃப் கோப்புகள், இரண்டுமே ஆங்கிலத்தில். பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் 337 பக்கம். பத்திரத்தைப் பணமாக்கிய கட்சிகளின் பட்டியல் 426 பக்கம். முதலாவதில் தேதி, வாங்கியவர் பெயர், தொகை. இரண்டாவதில் தேதி, கட்சியின் பெயர், தொகை. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற ஒன்றை மட்டும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து நடத்துகிறவர்களிடம் இதைக் காட்டினால் சிரிப்பார்கள். மொய் எழுதியவர்களின் பெயரை ஒரு நோட்டிலும், மொய் வாங்கிய வீடுகளின் பெயரை இன்னொரு நோட்டிலும் எழுதி, எந்தப் பணம் எந்த வீட்டுக்குப் போனது என்பதை விட்டுவிடுகிற கணக்குப்பிள்ளையை அடுத்த ஆடிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். மொய் நோட்டு என்பதே திருப்பிச் செய்ய வேண்டியதை நினைவில் வைத்துக்கொள்வதற்காக எழுதப்படுவது. வாங்கியவர் திருப்பிச் செய்தாரா என்று பார்க்க விரும்புகிறவனுக்கு அந்த இணைப்புத்தான் முதல் தேவை.

அந்த இணைப்பு ஒரு வாரம் தாமதமாக வந்தது. தேர்தல் பத்திரத் திட்டம் 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கை செய்யப்பட்டு, பாரத ஸ்டேட் வங்கியின் கிளைகளில் மட்டும் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் பத்திரங்கள் விற்கப்பட்டு வந்த நிலையில், ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தை அரசியலமைப்புக்கு எதிரானது என்று ரத்து செய்தது. மார்ச் 6-க்குள் விவரங்களைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட வங்கி, 22,217 பத்திரங்களின் விவரத்தைத் தொகுக்க ஜூன் 30 வரை, அதாவது நாடாளுமன்றத் தேர்தலே முடிந்துவிடும் வரை, அவகாசம் கேட்டது. நகைக்கடன் வட்டியை ஒரு நாள் பிசகாமல் கணக்கிடும் துறைக்கு இது இவ்வளவு கடினமான வேலையா என்று அப்போது பலரும் கேட்டார்கள். நீதிமன்றமும் மார்ச் 11 அன்று அவகாசத்தை மறுத்தது. முதலில் எண்கள் இல்லாத பட்டியலும், நீதிமன்றம் மறுபடியும் கேட்ட பிறகு மார்ச் 21 அன்று ஒவ்வொரு பத்திரத்தின் தனி எண்ணோடு கூடிய பட்டியலும் வந்தன. இந்த இரண்டாவது பட்டியலில்தான் வாங்கியவரின் எண்ணைக் கட்சியின் எண்ணோடு பொருத்திப் பார்க்க முடிகிறது. மதிப்பெண் கேட்பவர்களுக்கு: முதல் பட்டியலுக்கு ஐந்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு மூன்று. ஏன் அதற்கு மேல் கொடுக்கவில்லை என்பதே இந்த மதிப்புரையின் மீதிப் பகுதி.

ஆலையின் பெயரைத் தேடினோம். கடைத் தம்பி பெயரை நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் அடித்துப் பார்த்தார். உரிமையாளரின் பெயரையும் அடித்தார். இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்ற தெம்போடு போயிருந்தேன். பிறகு யோசித்தால், அந்தப் பட்டியலில் அவர் இருக்கத் தேவையே இல்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளை மட்டுமே கட்சிகள் பெயரோடு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். 2,000 ரூபாய் வரை ரொக்கமாகவே வாங்கலாம். பொதுக்கூட்டத்துக்கு நாற்காலி, மாநாட்டுக்கு வேன், தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் என்று ஓர் ஊரில் நடக்கிற கொடுக்கல் வாங்கல் எந்தப் பத்திரத்திலும் ஏறாது. உள்ளூர் ஆலைக்காரரின் செல்வாக்கை அளக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சேவை பயன்படாது என்பதை முதல் குறையாகப் பதிவு செய்கிறேன். என் வயலுக்கு வந்த தண்ணீருக்கும் எந்தக் கட்சியின் கருவூலத்துக்கும் தொடர்பு இருந்ததாக என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வந்ததுதான் வந்தோம் என்று டெல்டாவில் நிலத்தைத் தோண்டுகிற, குழாய் பதிக்கிற நிறுவனங்களைத் தேடினோம். மத்திய அரசின் எண்ணெய் எரிவாயு நிறுவனமான ஓஎன்ஜிசி இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் நிறுவனங்கள் சட்டத்தின் 182-ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதைத் தடை செய்கிறது. இந்த இடத்தில் என் பக்கத்து வயல்காரரின் கோட்பாடு, எதிர்பாராத விதமாக, பெரிய அடி வாங்கியது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசியின் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியபோது, சிறைக்குப் போனவர்கள் கேள்வி கேட்ட பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்ட பத்துப் பேர். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய் கசிந்ததும் பொதுத்துறையைச் சேர்ந்த சென்னை பெட்ரோலியம் (சிபிசிஎல்) நிறுவனத்தின் குழாயிலிருந்துதான். இவர்கள் ஒரு ரூபாய் நன்கொடை கொடுத்திருக்க முடியாது. தோண்டுகிறவரும் அனுமதி கொடுக்கிறவரும் தண்டம் விதிக்கிறவரும் ஒரே அரசின் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்திருக்கும்போது, மெத்தனத்துக்கு விலை கொடுக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. பட்டியல் காட்டாத இந்த வகை, டெல்டாவைப் பொறுத்தவரை, பட்டியல் காட்டுகிற வகையைவிடப் பெரியது என்பது என் கருத்து.

அடுத்ததாகத் தேடிய வேதாந்தா என்ற தனியார் சுரங்க, எண்ணெய் நிறுவனம் இருந்தது. சுமார் 400 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய அந்த நிறுவனம், பெரிய கொள்முதல்காரர்களின் வரிசையில் வருகிறது. இந்தப் பெயரில் தேடுவதற்கு டெல்டாக்காரனுக்குக் காரணம் உண்டு: 2018-இல் திறந்தவெளி உரிம முறையில் (தோண்டும் இடத்தை நிறுவனங்களே தேர்ந்து ஏலம் கேட்கும் முறை) நடந்த முதல் சுற்றில் நாடு முழுவதும் கொடுக்கப்பட்ட 55 எண்ணெய் எரிவாயு வட்டாரங்களில் 41 அந்த நிறுவனத்துக்குப் போயின, அவற்றில் இரண்டு நம் கரையோரத்தைச் சேர்ந்தவை. 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு, எண்ணெய் எரிவாயு ஆய்வுக்கிணறு தோண்டுவதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று விதியைத் திருத்தியது. மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 9 அன்று, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். அந்த மாதமே சட்டமும் வந்தது. தேதிகளை இப்படி அடுக்கிப் படிக்கும்போது மனம் தானாகவே முடிச்சுப் போடப் பார்க்கிறது. ஆனால் அடுக்கி வைத்த தேதிகள் சாட்சி ஆகா.

அதே நிறுவனத்தைப் பற்றிய இன்னொரு பழைய கணக்கு, எனக்கு 400 கோடியைவிட முக்கியமாகப் பட்டது. அது இந்தப் பட்டியலில் இல்லை, பழைய தீர்ப்புகளில் இருக்கிறது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட், சேசா கோவா ஆகிய நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன் மூலம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்து, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன தெரியுமா? 2016 நிதிச் சட்டத்தின் வழியாக, வெளிநாட்டு மூலம் என்ற சொல்லின் பொருள், இத்தகைய நிறுவனங்கள் அதில் அடங்காதபடி, 2010 முதல் செல்லும்படி மாற்றப்பட்டது. அது போதாதென்று 2018 நிதிச் சட்டத்தில் அந்த மாற்றம் 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னுக்கு நகர்த்தப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுக் கணக்கு ஒரு வரியில் தீர்ந்தது. என் வாய்க்கால் விவகாரத்தில் நடவடிக்கை முடித்துக்கொள்ளப்பட்டது என்று வந்த கடிதத்தில் குறைந்தபட்சம் ஒரு தொகையாவது இருந்தது.

தூத்துக்குடியில் தொகை இருந்தது. உரிய இசைவு இல்லாமல் ஆலையை இயக்கிய காலத்தையும் சுற்றுப்புறத்துக்கு நேர்ந்த கேட்டையும் கருதி, 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 100 கோடி ரூபாய் விதித்து, ஆலையை நடத்தவும் விட்டது. தேய்மானம், வட்டி, வரிக்கு முந்தைய ஆண்டு லாபம் 1,043 கோடி, அதில் பத்து விழுக்காடாவது இல்லாவிட்டால் உறைக்காது என்பது அந்தத் தொகைக்குச் சொல்லப்பட்ட காரணம். ஐந்தாண்டு கழித்து, 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகே ஆலை மூடப்பட்டது. அதைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த நாள் 2024 பிப்ரவரி 29, பத்திரத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்து சரியாக இரண்டு வாரம். ஆகவே, 400 கோடி கொடுத்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று சொல்கிறவர்கள் தூத்துக்குடியின் பூட்டிய கதவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்ததற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்பதை ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 2 அன்று ஏற்க மறுத்துவிட்டது என்பதால், அந்தக் கேள்வி பட்டியலைப் புரட்டுகிறவர்களிடமே விடப்பட்டிருக்கிறது.

மத்தியில் ஆளும் கட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியலை மூடிவிடுவது நேர்மையாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில அரசின்கீழ் வருகிறது. திராவிட முன்னேற்றக் கழகம் பத்திரங்கள் மூலம் 656.5 கோடி ரூபாய் பெற்றதையும், அதில் 509 கோடி கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரித் தொழிலதிபரின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்திலிருந்து வந்ததையும் அக்கட்சியே தெரிவித்தது. அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் தெரிவித்த தொகை 6.05 கோடி. இடதுசாரிக் கட்சிகள் பத்திரம் வாங்கவில்லை.

இனி இந்தச் சேவையின் பெரிய குறைக்கு வருகிறேன். கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஒரே வரியில் வந்துவிட்ட பிறகும், என்னைப் போன்றவனுக்கு வேண்டிய மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கிறது: அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு தண்டம் விதிக்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, எந்த வழக்கு எந்தத் தேதியில் கைவிடப்பட்டது. இதைத் தேர்தல் ஆணையத்திடம் எதிர்பார்க்க முடியாது என்பது உண்மைதான். அதனால் நானே ஒரு தாளில் கோடு போட்டு, எனக்கு வந்த கடிதத்தை உரைகல்லாக வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சூத்திரப்படி, இழப்பீடு என்பது ஐந்து எண்களின் பெருக்கல். மாசு மிகுந்த சிவப்பு வகை ஆலைக்கு 80, அதற்கடுத்த ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30; மீறல் நீடித்த நாட்கள்; ரூபாய்க் காரணி 100 முதல் 500 வரை, பரிந்துரைக்கப்பட்டது 250; சிறு ஆலைக்கு 0.5, நடுத்தரத்துக்கு 1, பெரியதற்கு 1.5, கடைசியாக, அமைவிடக் காரணி. என் வாய்க்காலைக் கெடுத்தது ஆரஞ்சு வகை நடுத்தர ஆலை என்பதால் 50 பெருக்கல் 250, அதாவது 12,500. அமைவிடக் காரணி மக்கள்தொகையைப் பொறுத்தது: பத்து லட்சத்துக்குக் குறைந்த ஊருக்கு 1, ஒரு கோடியைத் தாண்டும் பெருநகருக்கு 2. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாமே 1 தான். ஒரு வாய்க்காலுக்குக் கீழே எத்தனை வேலி (இருபது மா ஒரு வேலி) நிலம் பாய்கிறது, எத்தனை குளம் நிரம்புகிறது என்பதற்கு அந்தப் பெருக்கலில் இடமே இல்லை. தலைமடையில் விட்ட கழிவு கடைமடை வரை வரும் என்று வாய்க்காலில் நீர் பாய்ச்சும் எந்த நீராணிக்காரரும் சொல்லுவார், சூத்திரத்துக்குத் தெரியாது.

பெரிய சிவப்பு வகை ஆலை ஒன்று நம் டெல்டாவில் கழிவு விட்டால், பரிந்துரைக்கப்பட்ட காரணியின்படி நாளொன்றுக்கு 30,000 ரூபாய். ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் ஒன்றின் விலையில் 333 நாள் விடலாம். குறுவை, தாளடி இரண்டும் அடங்கிவிடும். இதற்கிடையில் 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு இருந்த ஐந்தாண்டு வரையிலான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்றும், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு மேலும் 10,000 என்றும் மாற்றியது. தண்டத்தைக் கட்டாமல் விட்டால்தான் இனிச் சிறை. இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தின் உச்சம் 1 கோடியாக இருந்தது, தண்டத்தின் உச்சம் 15 லட்சமாக இருக்கிறது. பழைய சட்டத்தில் அபராதம் ஒரு லட்சம்தானே, இது கூடியிருக்கிறதே என்று கேட்கலாம். முதலாளிக்கு லட்சங்களைக் கண்டு பயமில்லை. சிறை என்ற ஒரு சொல்லைக் கண்டுதான், அது அரிதாகவே நடந்தாலும், கொஞ்சம் தயக்கம் இருந்தது.

இந்தத் தாராளம் பத்திரங்களோடு பிறந்ததும் அன்று. நாகை மாவட்டத்துக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் கணவரான சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பர் 11 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த பண்ணைகளை அகற்றவும், கெடுத்தவரே இழப்பீடு தரவும் தீர்ப்புப் பெற்றார். நாடாளுமன்றம் 2005-இல் ஒரு சட்டம் இயற்றி அந்தத் தொழிலை அந்த மண்டலத்தின் தடையிலிருந்து வெளியே எடுத்தது. 2023-இல் அந்தச் சட்டத்திலிருந்த சிறைத் தண்டனையும் நீக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் இன்று பயணம் செய்தால் தீர்ப்பு கண்ணில் படாது, பண்ணைக் குளங்களில் காற்றேற்றும் சக்கரங்கள் சுழல்வதுதான் கண்ணில் படும்.

பயன்படுத்த விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மார்ச் 14 பட்டியலை விட்டுவிட்டு, எண்களோடு கூடிய மார்ச் 21 பட்டியலையே இறக்கிக்கொள்ளுங்கள். குழுமத்தின் பெயரோடு நிறுத்தாமல் துணை நிறுவனங்களின் பெயரிலும் தேடுங்கள். பட்டியல் 2019 ஏப்ரல் 12-இல் தொடங்குவதால், முதல் ஓராண்டு விற்பனையைத் தெரிந்துகொள்ளக் கட்சிகள் முத்திரையிட்ட உறையில் கொடுத்து, மார்ச் 17 அன்று வெளியான ஆவணங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். முழுவதையும் அச்செடுக்காதீர்கள், நான் பன்னிரண்டு பக்கம் மட்டும் எடுத்தேன், தம்பி பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கினார். இன்னொன்று: ஆலை கட்டுகிற சுற்றுச்சூழல் இழப்பீடு பாதிக்கப்பட்ட விவசாயியின் கைக்கு வராது. பயிர் சேதத்துக்கு வேண்டுமானால், ஐந்தாண்டுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டணம், குறைந்தது 1,000. எனக்கு இது தெரிய வந்தபோது மூன்று ஆண்டு ஓடியிருந்தது.

நான் கோடு போட்ட தாளின் மூன்றாவது பத்தி இன்னும் நிரம்பவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் 2019-க்குப் பிறகு எந்த ஆலைக்கு, எந்தத் தேதியில், எத்தனை நாளுக்கு, எவ்வளவு விதிக்கப்பட்டு, எவ்வளவு வசூலானது என்று கேட்டு மறுபடியும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். அதற்குச் செலவு பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் தபாலும்.